மார்க்கு வேற மூளை வேற, நடுவுல நாம பண்ற தப்புங்க

ஒட்டன்சத்திரம் பக்கம் பல வருஷமா கணக்கு டியூஷன் எடுக்கறேன். பத்தாவது படிச்ச ஒரு பையன் இருந்தான், "ஒரு பொருளின் குறித்த விலையில் 10 சதவீதம் தள்ளுபடி"ன்னு நான் போர்டுல எழுத ஆரம்பிச்சதுமே பேனா மூடியக் கடிக்க ஆரம்பிச்சிருவான். சின்ன வகுப்புலயே வந்திருக்க வேண்டிய கணக்கு, அதுவே வராது. பசங்க எல்லார் முன்னாடியும் மக்குன்னு திட்டியிருக்கேன், அதுவும் ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல.

ஒரு நாள் விடிகாலைல மார்க்கெட்டுக்குப் போனா, அவங்க சித்தப்பா கமிஷன் கடையில இவன் நிக்கிறான். ஒருத்தர் 18 பெட்டி தக்காளி இறக்கியிருக்காரு, பெட்டி 260க்குப் போயிருக்கு. இவன் பேப்பரும் எடுக்கல, போனும் எடுக்கல. "இருபது பெட்டின்னா 5200ண்ணே, ரெண்டு பெட்டிக்கு 520 கழிச்சா 4680. கமிஷன் 468 போக 4212. இறக்குகூலி பெட்டிக்கு அஞ்சு, தொண்ணூறு. கைக்கு 4122ண்ணே." அவரு தலையாட்டிட்டு பணத்த வாங்கி மடியில கட்டிக்கிட்டாரு, நான் காலிப் பையோட நின்னுட்டு இருந்தேன். பத்து பர்சன்ட் கமிஷன் வாய்லயே வருது, பத்து பர்சன்ட் தள்ளுபடி ஏன்டா வரலன்னு அன்னிக்கு முழுக்க மண்டையக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

அப்புறம்தான் இதப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க நானும் பண்ணியிருக்கேன், ஊர்ல பாதிப்பேரும் பண்ணிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்ச தப்புங்கதான் இதெல்லாம்.

மொத தப்பு, மார்க்க வெச்சு மூளைய எடை போடறது. பிரேசில்ல ரெசிஃபேன்னு ஒரு ஊரு, அங்க தெருவுல இளநி, பாப்கார்ன் மாதிரி விக்கிற பசங்கள வெச்சு ஒரு ஆய்வு பண்ணி 1985ல வெளியிட்டாங்க. வாடிக்கையாளர் மாதிரியே போய்க் கேட்டப்ப 98 சதவீத கணக்கு ரைட்டு. அதே கணக்க உக்கார வெச்சு பேப்பர்ல வெறும் எண்ணா குடுத்தப்ப 37 சதவீதம்தான் ரைட்டு. ஒரு காய் 35ன்னா பத்து காய் எவ்வளவுன்னு கேட்டதுக்கு 12 வயசுப் பையன் ஒருத்தன் மூணு காய் 105, இன்னொரு மூணு சேத்தா 210, இன்னொரு மூணு சேத்தா 315, அப்புறம் ஒண்ணு, 350ன்னு ஏறிப் போயிருக்கான். பள்ளிக்கூடத்துல நாம சைபர் சேத்தா முடிஞ்சுச்சுன்னு சொல்லித் தர்றோமே, அது அவன் கிட்டக்கூட வரல, ஆனா விடை வந்துருச்சு. இங்கயும் டெல்லி, கொல்கத்தா மார்க்கெட்டுகள்ல வியாபாரம் பண்ற பசங்கள வெச்சு பெருசா ஒரு ஆய்வு நடந்து 2025ல வந்துச்சு, அதுலயும் இதே கதைதான். ஆனா அதுல இன்னொரு பாதி இருக்கு, அதத்தான் யாரும் ஷேர் பண்ண மாட்டாங்க: ஸ்கூல் கணக்கு நல்லா போடற பசங்கள மார்க்கெட் கணக்குப் போடச் சொன்னா அவங்களும் தடுமாறுறாங்க. ரெண்டு பக்கமும் ஓட்டைதான். ஒரு இடத்துல பழகுன புத்தி இன்னொரு இடத்துக்கு தானா பஸ் ஏறி வர்றதில்ல, அவ்வளவுதான் விஷயம்.

சரி, பரீட்சை அப்ப எதத்தான் அளக்குது? ஞாபகம், கைவேகம், கேள்வி எப்படிக் கேப்பாங்கன்ற பழக்கம், ராத்திரி உக்காந்து படிக்க வீட்ல ஒரு மூலை இருக்கா இல்லையா, கொஞ்சம் புரிதல், எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கி ஒரு நம்பரா குடுக்குது. நம்ம ஊர்லயே சில தனியார் ஸ்கூல்ல பதினொண்ணாவது பாடத்தத் தொடாமலே ரெண்டு வருஷமும் பன்னெண்டாவது புக்கையே உருட்டுனாங்க, அத நிறுத்தத்தான் 2017-18ல பிளஸ் ஒன்னுக்கே பப்ளிக் எக்ஸாம் கொண்டு வந்தாங்க. ரெண்டு வருஷம் ஒரே புக்க உருட்டுனா வர்ற 95 சதவீதத்துல புத்தி எவ்வளவு, உருட்டு எவ்வளவுன்னு எந்தக் கொம்பனாலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. மாநில ரேங்க் அறிவிக்கறத 2017லயே நிறுத்திட்டாங்க, ஆனா வீட்டுக்கு வீடு சொந்தக்காரங்க நடத்தற ரேங்க் லிஸ்ட்ட நிறுத்த ஆளில்ல.

ரெண்டாவது தப்பு, சரி மார்க்கு வேணாம், புத்திய அளக்கற டெஸ்ட்ல வர்ற ஐ.க்யூ இருக்கே, அது பொறக்கும்போதே வந்த நம்பர்தானேன்னு அங்க போய் உக்காந்துக்கறது. இந்த டெஸ்ட்ட முதல்ல செஞ்சவரு பிரான்ஸ்காரரு, ஆல்ஃபிரட் பினே. 1905ல தன்னோட சகா சிமோன் கூடச் சேந்து 30 சின்னச் சின்ன வேலைகள வெச்சு செஞ்சாரு. எதுக்குன்னா கிளாஸ்ல பின்தங்கற புள்ளைங்களக் கண்டுபிடிச்சு அதுகளுக்குத் தனியா சொல்லிக் குடுக்க. புத்திங்கறது கூட்ட முடியாத ஒரு நிலையான அளவுன்னு பேசறவங்களக் கண்டாலே அந்த மனுசனுக்கு ஆகாது. 1911ல அவரு போய்ச் சேந்துட்டாரு. அப்புறம் அந்தப் பேப்பர் கடல் தாண்டி அமெரிக்கா போனதும் கதை தலைகீழா மாறிடுச்சு, புள்ளையத் தூக்கிவிட செஞ்ச ஏணிய முத்திரை குத்தற ரப்பர் ஸ்டாம்ப் ஆக்கிட்டாங்க. புத்தி கம்மின்னு எழுதி, ஆளுங்களுக்குக் கட்டாயக் கருத்தடை பண்ணலாம்னு 1927ல அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிச்சு. ஸ்டான்ஃபோர்டுல டெர்மன்னு ஒருத்தர் 1921ல இருந்து ஐ.க்யூ அதிகமா இருக்கற பசங்களாப் பொறுக்கி எடுத்து வருஷக் கணக்கா பின்தொடர்ந்தாரு, அந்தத் தேர்வுல உள்ள வராம போன ரெண்டு பசங்க, ஷாக்லியும் அல்வாரெஸும், பின்னாடி இயற்பியல்ல நோபல் வாங்கிட்டாங்க. பொறுக்கி எடுத்த பட்டியல்ல இருந்து ஒருத்தருக்கும் நோபல் வரல.

இதுல நமக்கு ரொம்பக் கிட்ட இருக்கறது கரும்பு விவசாயிங்க கதை. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் 54 கிராமத்துல 464 கரும்பு விவசாயிங்கள ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணாங்க, வெட்டுக்கு முன்னாடி ஒண்ணு, வெட்டு முடிஞ்சு பணம் கைக்கு வந்தப்புறம் ஒண்ணு. ஐ.க்யூ டெஸ்ட்ல வருமே, படத்துல விட்டுப்போன துண்டு எதுன்னு கண்டுபிடிக்கறது, அந்த மாதிரிதான். 2013ல வந்த முடிவு என்னன்னா, அதே ஆளு, அதே தலை, பணம் வர்றதுக்கு முன்னாடி கம்மியா போட்டிருக்காரு, வந்தப்புறம் நல்லா போட்டிருக்காரு. நகை அடகுல கிடக்கு, பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும், கடன்காரன் வாசல்ல நிக்கறான், இதெல்லாம் மண்டையில ஓடிட்டு இருக்கறப்ப படத்துல துண்டத் தேடறதுக்கு மிச்சம் என்ன இருக்கும்? இந்த ஆய்வோட கணக்கு முறையப் பத்தி பின்னாடி சில பேர் கேள்வி எழுப்புனாங்க, அதையும் சொல்லிடறேன். ஆனா பரீட்சைக்கு முந்தின வாரம் அப்பா அம்மா சண்டை போட்ட வீட்டுப் புள்ள எப்படி எழுதும்னு டியூஷன் எடுக்கற எவனக் கேட்டாலும் சொல்லுவான்.

இப்ப எதிர்ப்பக்கம். இதெல்லாம் கேட்டுட்டு "அப்ப படிப்பே வேஸ்ட்டு, காமராஜர் என்ன படிச்சாரு, ராமானுஜன் பெயிலுதானே"ன்னு டீக்கடையில ஆரம்பிப்பாங்க பாருங்க, அது மூணாவது தப்பு, எனக்கு மத்த எல்லாத்த விடவும் இதுதான் கடுப்பு.

ராமானுஜன் பெயில் ஆனது உண்மை. 1904ல கும்பகோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப்போட சேந்தாரு, கணக்கத் தவிர வேற எதையும் தொடாததால ஸ்காலர்ஷிப் போச்சு, அப்புறம் சென்னையில பச்சையப்பன் காலேஜ், அங்கயும் எஃப்.ஏ.ன்ற அந்தக் காலத்து காலேஜ் பரீட்சை தேறல. அவர அளக்க அந்தப் பரீட்சைக்குத் தெம்பு இல்லங்கறது சரிதான். ஆனா அதே ஆளு கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல்ல கணக்குக்குப் பரிசு வாங்குனவரு, அவருக்குத் தீனி போட்ட கார் எழுதுன கணக்குப் புத்தகம் காலேஜ் லைப்ரரியில இருந்து வந்தது. சென்னை துறைமுகத்துல மாசம் 30 ரூபாய் கிளார்க்கா இருந்தப்ப அவர் நோட்டப் பாத்து இது சாதாரணம் இல்லன்னு புரிஞ்சுக்கிட்ட நாராயண ஐயர் கணக்கு படிச்சவரு. 1913 ஜனவரியில ராமானுஜன் போட்ட லெட்டரப் பிரிச்சுப் பாத்த ஹார்டி, கேம்பிரிட்ஜ்ல இருந்த கணக்கு அறிஞரு. பட்டம் இல்லாத ஆளுக்கு மெட்ராஸ் யுனிவர்சிட்டியே மாசம் 75 ரூபாய் குடுத்து ஆராய்ச்சி பண்ணச் சொல்லுச்சு. அப்ப படிப்பு அவர விட்டுச்சா, தூக்குச்சா? ரெண்டுமே பண்ணுச்சு. "பெயில் ஆனாரு"ன்னு பாதியில வெட்டி ஸ்டேட்டஸ் போடறவங்க மிச்சத்தப் படிக்கவே இல்ல.

காமராஜர் கதையும் அப்படித்தான். ஆறாவதோட நின்னவரு, உண்மை. அந்த மனுசன் முதலமைச்சர் ஆனதும் என்ன பண்ணாரு, படிப்பு தேவையில்லன்னு சொன்னாரா? ஊர் ஊரா ஸ்கூல் தொறந்தாரு, மத்தியானச் சோறு போட்டாரு. தனக்குக் கிடைக்காததோட அருமை அவருக்குத் தெரிஞ்சுது, அவர் பேரச் சொல்லி புள்ளைய ஸ்கூல விட்டு நிறுத்தறவனுக்குத் தெரியல.

இதுக்கு ஆதாரமும் இருக்கு. ஆறு லட்சம் பேருக்கு மேல தகவல் சேத்துப் பாத்து 2018ல ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்துச்சு, ஒரு வருஷம் கூடப் படிச்சா ஐ.க்யூ சுமாரா 1ல இருந்து 5 பாயின்ட் ஏறுதாம். அதாவது ஸ்கூல் வெறும் தராசு இல்ல, தராசுல ஏறுற சரக்கையே கொஞ்சம் வளக்குது. போன நூற்றாண்டுல பத்து வருஷத்துக்கு மூணு பாயின்ட் மாதிரி பல நாட்டுல ஐ.க்யூ ஏறிட்டே வந்துச்சு, நியூசிலாந்துல இருந்த ஃப்ளின்ங்கற ஆராய்ச்சியாளர்தான் அத ஊருக்கே எடுத்துச் சொன்னாரு. நம்ம தாத்தாங்க எல்லாம் முட்டாளுங்கன்னா அர்த்தம்? அவங்களுக்கு அந்த மாதிரிப் புதிர் போட்டுப் பழக்கம் இல்ல. வானத்தப் பாத்து விதைக்கலாமா வேணாமான்னு சொல்லச் சொன்னா நாமதான் ஃபெயிலு.

அடுத்தது காசு போற தப்பு, சீக்கிரமா சொல்லிடறேன். டி.எம்.ஐ.டி.ன்னு வருவாங்க, புள்ளையோட பத்து விரல் ரேகையையும் எடுத்துட்டு, இசை அறிவு இத்தன சதவீதம், கணக்கு அறிவு இத்தன சதவீதம்னு கலர் கலரா ரிப்போர்ட் தருவாங்க, ஆயிரக்கணக்குல வாங்குவாங்க. விரல் ரேகைக்கும் புத்திக்கும் சம்பந்தம் இருக்குன்னு ஒரு ஆதாரமும் கிடையாது, கிளி ஜோசியம் இதவிட மலிவு, கிளியாவது அழகா இருக்கும். கார்ட்னர்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1983ல பலவித அறிவுன்னு சொன்னதுல இருந்து பேர மட்டும் உருவிக்கிட்டு இந்த வியாபாரம் ஓடுது. "என் பையன் விஷுவல் லேர்னர், பாத்தாதான் புரியும், படிச்சா புரியாது"ங்கறதும் இந்த ரகம்தான், அந்த மாதிரி ஆள் பிரிச்சு சொல்லிக் குடுத்தா நல்லா வரும்ங்கறதுக்கு உருப்படியான ஆதாரம் இல்லன்னு 2008லயே அலசிப் பாத்துச் சொல்லிட்டாங்க.

இங்கிலீஷ் பேசறவன் புத்திசாலின்னு நினைக்கறது? அதுக்கு ஒரு பாராகூட வேணாம், லண்டன்ல எல்லாரும்தான் இங்கிலீஷ் பேசறாங்க.

அந்தப் பையன் விஷயத்துக்கு வர்றேன். அடுத்த நாள் கிளாஸ்ல தள்ளுபடிய கமிஷன்னு மாத்தி, பொருளத் தக்காளிப் பெட்டின்னு மாத்திக் கேட்டேன், நான் முடிக்கறதுக்குள்ள விடை வந்துருச்சு. அதுக்காக எல்லாம் சுபம்னு நினைக்காதீங்க. அவன் மனசுல போட்டத பேப்பர்ல படிப்படியா எழுத வைக்க மூணு மாசம் ஆச்சு, இயற்கணிதம் வந்தப்ப தக்காளியும் கை குடுக்கல, x-க்கு மார்க்கெட்ல விலை கிடையாதே. அங்க ஸ்கூல் வழிதான் வழி, உக்காந்து பழகித்தான் ஆகணும், பழகுனான். நடுவுல ஒரு நாள், "சார், பரீட்சையிலயும் தக்காளின்னே எழுதிரட்டுமா?"ன்னு கேட்டான். ஸ்டெப்பு கரெக்டா இருந்தா எழுதுடான்னேன்.

கடைசியா ஒண்ணு, இது நெஜமாவே அவசரம். வாய்ல கேட்டா எல்லாம் சொல்ற புள்ள, படிக்கறப்ப எழுத்து எழுத்தா தடுக்கி விழுது, போர்டப் பாத்து எழுதினாலே எழுத்து விட்டுப் போகுதுன்னா, அத சோம்பேறின்னு அடிச்சுட்டு இருக்காதீங்க. டிஸ்லெக்ஸியாவா இருக்கலாம், அதுக்கும் புத்தி கம்மிக்கும் சம்பந்தமே இல்ல. நம்ம மாநில பப்ளிக் எக்ஸாம்ல அந்தப் புள்ளைங்களுக்குக் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆளு, ஒரு மொழிப் பாடத்துல விலக்குன்னு சலுகை எல்லாம் இருக்கு. ஆனா அதுக்கு டாக்டர் சர்டிஃபிகேட் வேணும், ஸ்கூல் மூலமா தேர்வுத்துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். ஹால் டிக்கெட் கைக்கு வந்தப்புறம் ஓடினா ஒண்ணும் நடக்காது, ஒன்பதாவதுலயே எச்.எம். கிட்டப் போய்க் கேளுங்க.