பெரியாஸ்பத்திரிக்கு ஓடுறதுக்கு முன்னாடி நாம பண்ற தப்புங்க

போன சம்பா நடவு டயத்துல எங்க சித்தப்பாவ வரப்புல வச்சு கண்ணாடி விரியன் கடிச்சிடுச்சு. ரெண்டே கிலோமீட்டர்ல ஆரம்ப சுகாதார நிலையம், நாங்க அத தாண்டித்தான் போனோம், "அங்க என்ன பண்ணிடப் போறாங்க"ன்னு சொல்லிக்கிட்டு கார புடிச்சு நேரா மெடிக்கல் காலேஜுக்கு, ஒன்னேகால் மணி நேரம், வழியில ரயில்வே கேட்டு வேற. கேட்டுல நிக்கும்போதே அவருக்கு பல்லு ஈறுல ரத்தம் கசிய ஆரம்பிச்சிடுச்சு. பொழச்சிட்டாரு, ஆனா கிட்னி அடிபட்டு ரெண்டு வாரம் டயாலிசிஸ். "விஷமுறிவு ஊசிய பக்கத்துலயே போட்டுட்டு வந்திருக்கலாமே"ன்னு டூட்டி டாக்டர் கேட்டப்ப எங்க யாருக்கும் பேச்சு வரல.

டெல்டால நெறைய குடும்பம் பண்ற தப்பு இதுதான். பெரியாஸ்பத்திரின்னா எல்லாத்துக்கும் மொத வாசல்னு நெனச்சிடுறோம். பாம்புக்கடிக்கு மொத ஊசி எவ்வளவு சீக்கிரம் ஏறுதோ அவ்வளவு நல்லது, மூச்சுத் திணறலுக்கு வென்டிலேட்டர், கிட்னிக்கு டயாலிசிஸ்னு வந்தாதான் பெரிய எடம். 108-க்கு அடிச்சா ஊசி எங்க இருக்குன்னு பாத்து அங்க கொண்டு போவாங்க. பாம்ப அடிச்சு பையில போட்டு எடுத்துட்டுப் போறதும் வேணாம், நம்ம நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேத்துதான் வருது. கயித்தால இறுக்கிக் கட்டுறது, பிளேடால கீறுறது ரெண்டும் கூடவே கூடாது.

பக்கவாதம் மட்டும் வேற கணக்கு. வாய் கோணி ஒரு பக்கம் கை விழுந்துச்சுன்னா கிளினிக்ல டிரிப்ஸ் ஏத்திட்டு "காலையில பாப்போம்"னு ஒக்காராதீங்க, மூளையில அடைச்சிருக்கிற ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரந்தான் கெடு, அதுவும் சி.டி. ஸ்கேன் பாத்துட்டுத்தான் போட முடியும், அதனால ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராப் போயிடணும்.

அடுத்து அந்த ரெஃபரல் சீட்டு. எங்க தெருக்கார அக்கா ஒருத்தங்க நெஞ்சுவலின்னு தாலுக்கா ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்புன சீட்ட ஆம்புலன்ஸ் அவசரத்துல வீட்டு டிவி மேலயே வச்சுட்டு வந்துட்டாங்க. என்ன ஊசி, எத்தன மணிக்கு போட்டாங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியல, ஈசிஜி, ரத்த டெஸ்ட் எல்லாம் மறுபடி மொதல்லேர்ந்து. சீட்டு, பழைய ரிப்போர்ட்டு, சாப்பிடுற மாத்திரை அட்டை, எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு கூட போறவங்க கையில குடுங்க. பூச்சி மருந்து குடிச்ச கேஸ்னா மருந்து பாட்டிலையும் கண்டிப்பா எடுத்துக்கணும், உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க.

பிரசவத்துக்கு தஞ்சாவூர் அனுப்புனா வல்லம் ரோட்டுல இருக்கிற மெடிக்கல் காலேஜுக்குப் போகாதீங்க, பிரசவ வார்டு டவுனுக்குள்ள ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியில. வலியோட இருக்கிற புள்ளைய வச்சுக்கிட்டு மறுபடி வண்டி தேடுறது பெரிய கொடும.

எதுக்கெடுத்தாலும் தஞ்சாவூர்ங்கிற பழக்கமும் மாறணும். திருவாரூர்ல 2010லேர்ந்து அரசு மெடிக்கல் காலேஜ் இருக்கு, நாகப்பட்டினத்துல 2022ல வந்துடுச்சு, வேதாரண்யத்துக்காரங்க சாதா காய்ச்சலுக்கு விடியக்காலம் பஸ் ஏறி தஞ்சாவூர் ஓ.பி. வரிசையில நிக்க வேண்டியதில்ல. நாம அங்க நிக்கிற நேரம், நெசமாவே அங்க மட்டுமே பாக்கக்கூடிய தலைக்காய கேஸோட நேரம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லன்னு கெளம்பாம இருக்கிறவங்களும் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில அட்டை இல்லாமலே அட்மிஷன் போடுவாங்க, ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸ் மறுநாள் குடுத்துக்கலாம்.

டிஸ்சார்ஜ் ஆனப்புறம் அந்த பேப்பர தூக்கிப் போட்டுட்டு சுகர் மாத்திரைக்கே மாசாமாசம் தஞ்சாவூர் போறதும் தேவையில்லாத அலைச்சல். சித்தப்பா டிஸ்சார்ஜ் சீட்ட ரேஷன் கார்டோட பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருக்காரு, மாசத்துக்கு ஒருக்கா அத எடுத்துட்டு அன்னிக்கு நாங்க தாண்டிப் போன அதே சுகாதார நிலையத்துலதான் பிரஷர் பாத்து மாத்திரை வாங்கிட்டு வர்றாரு.