ஆட்டோ ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டர்

எங்கள் அடுக்ககத்து டீசல் ஜெனரேட்டர் சாவி போட்டால் உடனே கிளம்பும். கரண்ட் போனால் மட்டும் தானாகக் கிளம்பாது. கரண்ட் போனதைக் கண்டறிந்து ஜெனரேட்டரைக் கிளப்பும் ஏஎம்எஃப் பேனல் சரியாகத்தான் கட்டளை அனுப்பியது. எஞ்சின் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேனலில் உள்ள கன்ட்ரோலரை மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மல்டிமீட்டரைப் பிடித்துப் பார்த்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது. எஞ்சினைச் சுழற்றும் (கிராங்க்) நொடியில், ஸ்டார்ட்டர் மோட்டாரை இணைக்கும் காந்தச் சுவிட்சான சாலினாய்டின் முனையில் 8 வோல்ட்கூட இல்லை. பேனல் இருப்பது மீட்டர் அறையில், ஜெனரேட்டர் பின்வாசலில். நடுவே ஓடியது மெல்லிய கன்ட்ரோல் ஒயர். சாலினாய்டு முதலில் இழுக்கும் கரண்ட் பல ஆம்பியர். அதை அந்த ஒயர் வோல்டேஜ் குறையாமல் எப்படிக் கொண்டுபோகும்?

அப்புறம் எஞ்சின் அருகிலேயே 12 வோல்ட், 70 ஆம்பியர் ரிலே ஒன்றைப் பொருத்தினோம்; சிறு கரண்டால் பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச் அது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் முனைக்கும், 87-இலிருந்து சாலினாய்டுக்கும் தடித்த ஒயர். பேனலிலிருந்து வரும் பழைய ஒயர் இப்போது 86-க்குப் போய் ரிலே காயிலை மட்டும் இயக்குகிறது, 85 எர்த். காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு, கோடு போட்ட முனை 86 பக்கம். காயில் அணையும்போது எழும் அதிக வோல்டேஜிலிருந்து கன்ட்ரோலர் அவுட்புட்டைக் காக்க அது கட்டாயம் வேண்டும்.

வேலைக்கு முன் பேனலை 'ஆஃப்' நிலையில் வைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பேனல் 'ஆட்டோ' நிலையில் இருந்தால் எஞ்சின் சொல்லாமல் சுழலும், கை போய்விடும். மெயின்ஸும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் இணையாமல் தடுக்கும் கான்டாக்டர் இன்டர்லாக்கை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் தொட வேண்டும்.

மெயினை அணைத்துச் சோதித்தோம். முதல் கிராங்கிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.