கர்னலுக்கு முதலில் வாய் வரட்டும்

சொந்தமாக கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுத ஆசைப்பட்டு ஞாயிற்றுக்கிழமை சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டு மாடிக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் எடுத்த எடுப்பில் கேட்பது ஷெட்யூலரை, அதாவது எந்த நிரல் எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் பகுதியை. கர்னலுக்கு முதலில் வாய் வரட்டும், மூளையை அப்புறம் பார்ப்போம் என்பேன்.

வாய் என்றால் சீரியல் போர்ட், ஒவ்வொரு பைட்டாக வெளியே செய்தி அனுப்பும் வழி. திரையிலேயே எழுதலாமே என்றால், விஜிஏ எழுத்துத் திரை 80க்கு 25 எழுத்துதான். மேலே ஓடிப்போன வரி திரும்ப வராது. காம்1 என்ற முதல் சீரியல் போர்ட்டின் முகவரி ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) 3எஃப்8. அதிலிருந்து ஐந்து தள்ளி இருக்கும் லைன் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரில் ஹெக்ஸ் 20 பிட் ஒன்றாகும் வரை (அடுத்த பைட்டுக்கு இடம் காலி என்று பொருள்) காத்திருங்கள், பிறகு ஒரு பைட்டை அனுப்புங்கள். அவ்வளவுதான். கியூஎமு என்ற போலிக் கணினி மென்பொருளில் சீரியலைக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் கர்னல் கடைசியாகச் சொன்னது அப்படியே கிடைக்கும். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய பழைய டெஸ்க்டாப்பில் ஓட்டுவதென்றால் வேகத்தையும் அமைக்க வேண்டும்: அதிகபட்சமான நொடிக்கு 115200 பிட்டை 3ஆல் வகுத்தால் 38400.

அடுத்தது மெம்காபி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப்: நினைவகத்தை நகலெடுக்க, நகர்த்த, நிரப்ப, ஒப்பிட உதவும் செயல்பாடுகள். ஃப்ரீஸ்டாண்டிங் (சி நூலகம் இல்லாத சூழல்) என்று சொல்லிக் கம்பைல் செய்தாலும் ஜிசிசி கம்பைலர் இந்த நான்கையும் எதிர்பார்க்கும்; பெரிய ஸ்ட்ரக்ட் ஒன்றை இன்னொன்றில் போட்டாலே மெம்காபியைத் தேடும். இங்கேதான் கவனம் வேண்டும். மெம்செட்டை நீங்கள் சாதாரண லூப்பாக எழுதியிருப்பீர்கள். ஆப்டிமைஸ் செய்யும்போது கம்பைலர் அந்த லூப்பைப் பார்த்து, 'இது மெம்செட்தானே' என்று அங்கேயே மெம்செட்டுக்கு ஓர் அழைப்பைப் போட்டுவிடக்கூடும். அது தன்னையே கூப்பிட்டுக்கொண்டு கிடக்கும், கர்னல் சத்தமில்லாமல் நின்றுவிடும். சி கோப்பை எத்தனை முறை படித்தாலும் தப்பு தெரியாது. கம்பைல் ஆன கோப்பை ஆப்ஜ்டம்ப் கருவியில் பிரித்துப் பாருங்கள், மெம்செட்டுக்குள்ளேயே மெம்செட் அழைப்பு இருக்கும். அந்த ஒரு கோப்புக்கு மட்டும் ட்ரீ-லூப்-டிஸ்ட்ரிபியூட்-பேட்டர்ன்ஸ் என்ற ஆப்ஷனை அணைத்துவிட்டால் சரியாகிவிடும்.

கர்னல் செய்திகளை அச்சிடும் கேபிரிண்ட்எஃப்-க்கு எழுத்துச்சரம், முழு எண், ஹெக்ஸ் போதும். 32 பிட் கர்னலில் 64 பிட் எண்ணை வகுத்தால் லிங்கர் கத்தும்; ஜிசிசியோடு வரும் லிப்ஜிசிசி நூலகத்தைச் சேருங்கள்.

மீள முடியாத பிழை வந்தால் கூப்பிடும் பேனிக் செயல்பாடு, பிழை வந்த கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சீரியலில் எழுதி, இன்டரப்ட்டை அணைத்து, ஹால்ட் லூப்பில் நிற்கட்டும். அதுவும் முடியாமல் டிரிபிள் ஃபால்ட் (பிழையைக் கையாளும்போதே அடுத்தடுத்துப் பிழை) ஆனால் இயந்திரம் ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கும். கியூஎமுவுக்கு நோ-ரீபூட் ஆப்ஷனைக் கொடுத்துவையுங்கள்.

இவற்றில் பலவற்றை கர்னல் இல்லாமலே சோதிக்கலாம், தயவுசெய்து சோதியுங்கள். செயல்பாடுகளின் பெயரை மட்டும் மாற்றி லினக்ஸில் சாதாரண நிரலாக ஓட்டுங்கள். முக்கியமாக மெம்மூவ்: இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி, முன்னாலும் பின்னாலும் நகர்த்திப் பாருங்கள். போய்ச்சேரும் முகவரி பெரியதாக இருந்தால் கடைசி பைட்டிலிருந்து நகலெடுக்க வேண்டும்.