கொடை வில்லுப்பாட்டு வீடியோ: கேடென்லைவில் தொகுக்கும் முறை

தோவாளைப் பக்கத்துக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டைப் போனில் எடுத்தால் ஒரே ஷாட் ஒரு மணி நேரம் ஓடும். லினக்ஸில் ஓடும் கேடென்லைவ் வீடியோ எடிட்டரின் டைம்லைனில் போட்டால் தொடக்கம் சரியாக இருக்கும். போகப் போக வீசுகோல் நாணில் பட்டு எழும்பிய பிறகுதான் சத்தம் கேட்கும். பழி லினக்ஸ் மேல் விழும். கோளாறு போனில்தான். வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30 ஃபிரேம் என்பதை அது தானாகக் கூட்டிக் குறைக்கும்.

அதனால் வெட்டுவதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றியில் ஃபைலைத் திறந்து, வீடியோ பகுதியில் ஃபிரேம்ரேட் 30, கான்ஸ்டன்ட், தரம் ஆர்எஃப் 18 என வைத்து மாற்றிவிடுங்கள். பாதி வெட்டிய பின் மாற்றினால் வேலை இரட்டிப்பு. கேடென்லைவ் புராஜெக்டும் அதே 30இல் இருக்கட்டும்.

இரண்டு போனில் எடுத்திருந்தால் புலவர் பக்கத்துக் கிளிப்பில் வலது கிளிக் செய்து 'செட் ஆடியோ ரெஃபரன்ஸ்', மற்றதில் 'அலைன் ஆடியோ டு ரெஃபரன்ஸ்' கொடுங்கள். உடுக்கைச் சத்தத்தை வைத்தே பொருத்திவிடும். ஒலிக்குத் தனி ரெக்கார்டர் என்றால் மணிக்கணக்கில் மெல்ல விலகும். பாட்டு நிற்கும் இடங்களில் வெட்டி மறுபடி பொருத்துங்கள்.

ஆரல்வாய்மொழிக் காற்றின் இரைச்சலுக்கு ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் ஹை-பாஸ் ஃபில்டர் (தாழ்ந்த ஒலியைக் குறைப்பது), 100 ஹெர்ட்ஸ். குடத்தின் அடி மெலிந்தால் 80க்கு இறக்குங்கள். காற்று அறைந்து ஒலி பிளந்துபோயிருந்தால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. எடுக்கும்போதே மைக்குக்கு ஸ்பான்ஜ் உறை வேண்டும். டியூப் லைட் வெளிச்சத்தில் வரி ஓடுவதற்கும் மருந்து அங்கேதான்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே ஷட்டர் 1/50 அல்லது 1/100.

8 ஜிபி ரேம் லேப்டாப்பில் படம் திணறினால் பிராக்ஸியை (எடிட் செய்ய மட்டுமான தரம் குறைந்த நகல்) இயக்குங்கள். கடைசி வீடியோவை ரெண்டர் செய்யும்போது பிராக்ஸியைப் பயன்படுத்தும் டிக்கை எடுக்க மறந்தால் மங்கலாக வரும்.

டைட்டிலுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு போதும். அச்சகத்தில் வாங்கிய பாமினி (யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு) எழுத்தை அப்படியே ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

ரெண்டர் எம்பி4, எச்.264, 8 எம்பிபிஎஸ். ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி ஆகும். விழாக் கமிட்டி தரும் பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யலாம்; பழைய டிவி அதைப் படிக்காவிட்டால், இடைவேளையில் வெட்டி இரண்டு ஃபைலாகக் கொடுங்கள்.