மாடல் ரேஸ் படகுக்கு எத்தனை சிசி: என்ஜின் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடல் படகு ரேஸுக்கு, அதாவது கரையில் நின்று ரிமோட்டில் ஓட்டும் சின்னப் படகுகளின் ரேஸுக்கு, புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எது வேகமாப் போகும்?" என்பதுதான். அங்கிருந்து கிளம்பினால் கையில் இருக்கும் பணத்துக்குக் கிடைக்கிற மிகப் பெரிய என்ஜினில்தான் போய் நிற்பீர்கள், அதன் பிறகுதான் எந்தத் தண்ணீரில் ஓட்டுவது, கூட ஓட்ட யார் இருக்கிறார்கள் என்ற யோசனையே வரும். இது தலைகீழ் வரிசை.

முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் ஓட்டப்போகும் கிளப்பில் எந்தப் பிரிவு உண்மையிலேயே ஓடுகிறது என்பதை. விதிப்புத்தகத்தில் எல்லாப் பிரிவும் இருக்கும், கரையில் இருக்காது. நவிகா என்ற சர்வதேச மாடல் கப்பல் அமைப்பின் விதிப்படி நடக்கும் எஃப்எஸ்ஆர்-வி என்ற நீண்ட நேர ரேஸில் குளோ பிளக் என்ஜின்களுக்கு (சூடான பிளக் கம்பியால் எரிபொருளைப் பற்றவைப்பவை) 3.5, 7.5, 15 சிசி என்று பிரிவுகள் உண்டு. அமெரிக்க வழக்கத்தில் இதையே கன அங்குலத்தில் .21, .45, .67, .90 என்பார்கள். ஒரு கன அங்குலம் 16.39 சிசி, ஆகவே .21 என்றால் ஏறக்குறைய 3.5, .45 என்றால் 7.4, .67 என்றால் 11. இதில் .67 ஒன்று வாங்கிவிட்டு 15 சிசி பிரிவில் போய் நின்றால், நான்கு சிசி குறைவான என்ஜினோடு சீசன் முழுக்கப் பின்னாலேயே ஓட வேண்டியதுதான்.

பிரிவின் சிசி உச்சவரம்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். 16.26 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டமும் 16.8 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள என்ஜின் 3.49 சிசி வரும், 3.5 பிரிவுக்குச் சரி. அதே என்ஜினில் யாரோ ஸ்லீவும் (சிலிண்டரின் உள்ளுறை) பிஸ்டனும் மாற்றி விட்டத்தை 16.4 ஆக்கியிருந்தால் 3.55 ஆகிவிடும், அளந்து பார்த்தால் தகுதியில்லை. பழைய என்ஜின் வாங்குகிறவர்கள் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது, ரொம்பப் பேர் நம்புகிற ஒன்று: சின்ன என்ஜின் என்றால் சுலபம், கற்றுக்கொள்ள அதுதான் சரி என்பது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 3.5 சிசி என்ஜின் மிக அதிக ஆர்பிஎம்மில்தான் தன் பலத்தைக் காட்டும், எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடிலை ஒரு இழை திருப்பினாலே குணம் மாறும், கொஞ்சம் லீனாக (எரிபொருள் குறைவாக) ஓடினால் பிஸ்டன் போய்விடும். ஹல் (படகின் உடல்) சின்னது, எடை குறைவு, அதனால் காற்றடித்து அலை எழுந்தாலோ முன்னால் போன படகின் அலையில் ஏறினாலோ சட்டென்று கவிழும். ப்ரொப்பெல்லரும் சின்னது என்பதால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசமே பெரிதாகத் தெரியும். 7.5 சிசி படகு இதையெல்லாம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். உங்கள் கிளப்பில் 7.5 நன்றாக ஓடுகிறது என்றால் புதியவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

"கார்ல இருந்த .21 சும்மாதானே கிடக்கு, அதையே போட்டுடலாமே" என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. சிசி ஒன்றுதான், ஆனால் மாடல் கார் என்ஜின் காற்றில் குளிர்வது. படகு என்ஜினுக்குத் தண்ணீர் சுற்றும் ஹெட்டும், ஸ்டார்ட்டர் பெல்ட் மாட்டக் காடி வெட்டிய ஃப்ளைவீலும் வேண்டும். மூடிய ஹல்லுக்குள் கார் ஹெட்டோடு முழு த்ராட்டிலில் ஓட்டினால் சூடேறி நின்றுவிடும். மாற்று பாகங்களுக்குச் செலவழித்து முடிக்கும்போது ஒரு நல்ல பழைய மரைன் என்ஜின் வாங்கியிருக்கலாம்.

பெட்ரோல் என்ஜினையும் குளோவையும் வெறும் சிசியை வைத்து ஒப்பிடுவது இன்னொரு தவறு. செனோவா ஜி260 மாதிரியான என்ஜின் 25.4 சிசி. ஆனால் 15 சிசி குளோ என்ஜினை அது சிசி விகிதத்தில் மிஞ்சிவிடாது, எடையும் அதிகம், ஆர்பிஎம்மும் குறைவு. அதன் பலம் வேறு இடத்தில். ஸ்பார்க் பிளக் இருப்பதால் கயிற்றை இழுத்தால் கிளம்பும். பெட்ரோலும் டூ ஸ்ட்ரோக் ஆயிலும் போதும். குளோவுக்கு மெத்தனால், நைட்ரோமெத்தேன், ஆயில் கலந்த எரிபொருளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அடிக்கடி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் ஒரு மணி நேரம் ஓட்ட என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். எஃப்எஸ்ஆர்-வி போல நீண்ட நேரம் ஓடும் ரேஸ் என்றால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம், டேங்க் அளவும் நடுவில் எரிபொருள் நிரப்பும் நேரமும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கும்.

என்ஜின் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள். பிரிவு மாறினால் ட்யூன்டு பைப் (புகைக்குழாய்), ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் (ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் வளையும் தண்டு), ஸ்டிரட் (அந்தத் தண்டைப் பின்னால் தாங்கும் பாகம்), ரடர் (சுக்கான்), ப்ரொப்பெல்லர், சர்வோ (ரடரையும் த்ராட்டிலையும் அசைக்கும் சின்ன மோட்டார்) எல்லாமே மாறும். பெரிய பிரிவுகளில் 6.35 மில்லிமீட்டர் ஷாஃப்ட் போடுவார்கள், அதை 3.5 சிசி படகில் போட்டால் வீண் பாரம். ப்ரொப்பெல்லரும் ஒன்றோடு முடியாது. ஆக்ட்யூரா நிறுவனத்தின் எக்ஸ்447 ப்ரொப்பெல்லர் என்றால் 47 மில்லிமீட்டர் விட்டம், அதன் 1.4 மடங்கு பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்). தண்ணீருக்கும் என்ஜினுக்கும் ஏற்றதைக் கண்டுபிடிக்க இப்படிப் பக்கத்துப் பக்கத்து அளவில் நாலைந்து வாங்கத்தான் வேண்டியிருக்கும்.

அப்புறம் தண்ணீரின் அளவு. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிற படகு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கும், அதாவது 100 மீட்டர் நேர்கோடு ஐந்து விநாடிக்குள் தீர்ந்துவிடும். சின்ன ஏரியில் 15 சிசி படகை இறக்கினால் பாதி த்ராட்டிலிலேயே திருப்ப வேண்டியிருக்கும், சத்தத்துக்குக் கரையில் இருப்பவர்கள் ஆட்சேபம் சொன்னால் அந்த இடமே எல்லோருக்கும் போய்விடும். பெரிய என்ஜினைத் தனியாளாக ஸ்டார்ட் செய்வதும் ஆபத்து. படகை அழுத்திப் பிடிக்க ஒருவர் வேண்டும், அவர் கை ப்ரொப்பெல்லர் பக்கமே போகக்கூடாது.

எந்தப் பிரிவு என்று முடிவாகி, பழைய குளோ என்ஜின் ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். பிஸ்டன் மேலே வந்து சேரும் இடத்தில் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் ஸ்லீவும் பிஸ்டனும் தேய்ந்துவிட்டன, அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.