கணினி மேசையும் காட்சி அலமாரியும்: மரத்தை அறுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாளில் வரையும்போது மேசை காலியாக இருக்கும். ஒயர் தொங்காது, சூடு கிளம்பாது, அலமாரித் தட்டில் எடை இருக்காது. மரமும் வரைந்த அளவிலேயே அசையாமல் நிற்கும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. அதனால் மரம் வாங்கப் போவதற்கு முன், மேசைமேலும் அலமாரிக்குள்ளும் என்னென்ன வரப்போகிறதோ அத்தனையையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். அங்கே உட்காரப்போகும் ஆளையும் சேர்த்துத்தான்.

கடையில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் 720 முதல் 750 மி.மீ. உயரம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அதே அளவை எடுத்துக்கொள்வது முதல் தவறு. நாற்காலியில் பாதம் தரையில் படிய உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கிப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கை எவ்வளவு உயரமோ, கீபோர்டும் அதை ஒட்டியே இருக்க வேண்டும். குள்ளமானவருக்கு 750 மி.மீ. மேசையில் தோள் தூக்கிக்கொண்டே இருக்கும். மாலைக்குள் கழுத்து வலிக்கும். நடுவில் ஒரு டிராயர் வைத்தால் தொடை இடிக்கும். டிராயரைப் பக்கவாட்டுக்குத் தள்ளிவிடுவதே நல்லது.

ஆழத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். திரை கண்ணிலிருந்து 50 முதல் 70 செ.மீ. தள்ளி இருந்தால் வசதி. திரையின் ஸ்டாண்டே நல்ல இடத்தை அடைத்துக்கொள்ளும். 500 மி.மீ. ஆழ மேசையில் திரை முகத்துக்கு நேரே வந்து நிற்கும். 700 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். திரையைத் தாங்கும் உலோகக் கையை (மானிட்டர் ஆர்ம்) மேசை விளிம்பில் கவ்வவைப்பதாக இருந்தால், பின்விளிம்புக்குக் கீழே சட்டமோ தடுப்போ இல்லாமல் இடம் விட வேண்டும். இதை மேசை முடிந்தபிறகு நினைத்துப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்தது மரம். கட்டை மரத்தில், அதாவது ப்ளைவுட் அல்லாத முழு மரத்தில், மேற்பலகை செய்பவர்களை அதிகம் வருத்துவது, மரம் அறுபட்ட பிறகும் அசையும் என்பதுதான். காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் ஏறக்குறைய இல்லை. ரேகைக்குக் குறுக்கே, அதாவது அகலத்தில்தான் எல்லாம் நடக்கும். 600 மி.மீ. அகலப் பலகையின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால், மர வகையைப் பொறுத்து 4 முதல் 6 மி.மீ. வரை அகலம் மாறக்கூடும். அந்தப் பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு நாலாபக்கமும் பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்கினால் என்ன ஆகும்? அசைய வழியில்லாமல் வெடித்துவிடும். சட்டத்தில் வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை போட்டு, வாஷரோடு ஸ்க்ரூவை முடுக்குங்கள். பலகை நகர இடம் கிடைக்கும். வாங்கிவந்த மரத்தை உடனே அறுக்காமல் இரண்டு மூன்று வாரம், நடுவே குச்சிகள் கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்கி வையுங்கள். பாலிஷை மேல்பக்கம் மட்டும் அடித்து, கண்ணில் படாத அடிப்பக்கத்தை விட்டுவிடுவதும் இதே வகைத் தவறுதான். ஒரு பக்கம் வேகமாக ஈரம் ஏறும், மறுபக்கம் மெதுவாக ஏறும்; பலகை கிண்ணம்போல் குழியும். லேமினேட் ஒட்டுவதற்கும் இது பொருந்தும்.

ப்ளைவுட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் 18 மி.மீ. என்று விற்கும் ஷீட் சரியாக 18 இருக்கும் என்று நம்பி, அதைச் செருகும் காடியை (பள்ளத்தை) எடுக்காதீர்கள். கையில் இருக்கும் துண்டை அளந்த பிறகே எடுங்கள். அறுப்பில் போகும் தூளையும் கணக்கில் சேருங்கள். 2440 மி.மீ. ஷீட்டில் 610 அளவில் நான்கு துண்டு வராது. ஒவ்வொரு அறுப்பிலும் சுமார் 3 மி.மீ. போய்விடும்.

அலமாரித் தட்டு தொய்வதற்குக் காரணம், நீளத்தைத் துணிந்து கூட்டுவது. ஒரே மாதிரி சாமான்கள் தட்டு முழுக்க அடுக்கியிருக்கும்போது, தாங்கல்களுக்கு இடையிலான தூரத்தை 600 மி.மீ.யிலிருந்து 900 ஆக்கினால் தொய்வு ஒன்றரை மடங்கு கூடாது, 5 மடங்கு கூடும். பலகையின் தடிமனை இரட்டிப்பாக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகும். அதற்காகத் தடித்த பலகைதான் வேண்டும் என்றில்லை. முன்விளிம்பில் 40 மி.மீ. உயரத்தில் ஒரு மரப்பட்டியை நிறுத்தி ஒட்டினால் 18 மி.மீ. ப்ளைவுட் தட்டின் தொய்வு பாதியாகவாவது குறையும், பார்க்கவும் அழகாக இருக்கும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை ப்ளைவுட்டைவிட எளிதாக வளையும். புத்தகம் வைக்கப்போகும் தட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிபியு பெட்டியை அழகுக்காகக் கதவு போட்டு மூடிவைப்பதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கணினி இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாகத்தான் வெளியே வருகிறது. 400 வாட் இழுக்கும் கணினி, மூடிய பெட்டிக்குள் 400 வாட் ஹீட்டர். பின்பக்கத்தை முழுவதும் திறந்து விடுங்கள், முன்பக்கம் காற்று நுழைய வழி வையுங்கள். ஒயருக்கான துளையை ஒயரின் கனத்துக்குப் போடாதீர்கள். அதில் நுழைய வேண்டியது பிளக். 60 மி.மீ. துளை பெரும்பாலான பிளக்குகளுக்குப் போதும்.

காட்சி அலமாரியில் மேலே ஒரே ஒரு விளக்கு வைத்தால் முதல் தட்டு மட்டும் ஜொலிக்கும், மற்றவை இருட்டு. மரத் தட்டு என்றால் ஒவ்வொரு தட்டின் முன்விளிம்புக்கு அடியிலும் எல்இடி பட்டை வைத்து, ஒளி உள்நோக்கி விழச் செய்யுங்கள். பின்னால் வைத்தால் பொருளின் முகம் நிழலாகிவிடும். கண்ணாடிக் கதவின் எடையையும் கணக்குப் போட்டுக் கீல் வாங்குங்கள்: 6 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோ. 450-க்கு 1200 மி.மீ. கதவே 8 கிலோ வரும். டஃபன்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியை அப்புறம் அறுக்கவோ துளைக்கவோ முடியாது, மொத்தமும் நொறுங்கிவிடும். அலமாரிச் சட்டம் முடிந்த பிறகு அளவெடுத்து, துளைகளையும் குறித்துக் கொடுங்கள்.

உயரமான அலமாரியைப் படுக்கவைத்துப் பூட்டி நிமிர்த்துபவர்கள் மூலைவிட்டத்தை மறக்கிறார்கள். 2300 உயரமும் 450 ஆழமும் உள்ள பெட்டி நிமிரும்போது 2344 மி.மீ. கேட்கும். கூரை அதைவிடத் தாழ்வாக இருந்தால் நிற்காது. நின்ற பிறகு சுவரோடு பிணைத்தே ஆக வேண்டும். குழந்தைகள் ஏறுவார்கள் என்பதால் இதில் சமாதானமே கிடையாது.

கடைசியாகப் பூச்சு. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்து வெளியே காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். பூச்சு காய்ந்ததும் அவசரப்பட்டுச் சாமான்களை அடுக்காதீர்கள். ஓக் போன்ற மரங்களிலிருந்து அமில ஆவி வெளிவரும். மூடிய அலமாரிக்குள் அது ஈயப் பொம்மைகளையும் கடற்சிப்பிகளையும் அரிக்கும். அருங்காட்சியகங்கள் இதற்காகவே காட்சிப் பெட்டியின் மரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றன. நீங்கள் சேர்த்துவைத்திருப்பதில் ஈயமோ சிப்பியோ இருந்தால் ஓக்கைத் தவிர்த்துவிடுங்கள். எந்த மரமானாலும் பூச்சின் வாடை முழுவதும் போகச் சில வாரம் ஆகும். அதுவரை கதவுகளைத் திறந்தே வையுங்கள்.