ஆராய்ச்சிக்காகச் சைக்கிள் மிதிக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஒரு சைக்கிள் பயணம் நடத்தலாம் என்று பேச்சு எழுந்ததும், எந்த வழியாகப் போவது, பனியன் என்ன நிறம் என்பதில்தான் பெரும்பாலும் எல்லாரும் இறங்குகிறோம். பணம் எந்த நிறுவனத்துக்கு, அங்கே எந்த ஆய்வுக்கு என்பது எழுத்தில் முடிவாகாமல் நோட்டீஸ் அடிக்கவே கூடாது.

சிகிச்சைக்கு உதவி கேட்டால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கைவிரிப்பவர்கள் குறைவு. அதனாலேயே 'ஆராய்ச்சி நிதி' என்று திரட்டிவிட்டு, கடைசி நேரத்தில் ஊரில் ஒருவரின் ஆபரேஷனுக்குக் கொடுத்துவிடலாமே என்று மனசு இளகும். இரக்கம் சரிதான், ஆனால் பணம் தந்தவரிடம் சொன்னது அதுவல்ல. சிகிச்சைக்கென்றால் சிகிச்சைக்கென்றே கேளுங்கள், தருவார்கள்.

நோட்டீஸ் வாசகத்திலும் கவனம் வேண்டும். கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் நம் மணவாளக்குறிச்சி போல, இயற்கையாகவே கதிர்வீச்சு வெளிவிடும் மோனசைட் கனிமம் கலந்த மணல்தான். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் அங்கே வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். மணலின் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்ற முடிவு 2009-இல் வெளியானது. அந்த முடிவை அப்படியே நம் கரைக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் 'கடல் மணலால் புற்றுநோய்' என்று பேனர் கட்டி, கரையில் வாழும் மக்களைக் கலங்கடிக்க நமக்கு உரிமை இல்லை. 'புற்றுநோயை ஒழிப்போம்' என்ற வாக்குறுதியும் வேண்டாம். கணக்கெடுப்பவர் சம்பளம், பதிவேடு, பரிசோதனைச் செலவு என்று பணம் போகும் இடத்தைச் சொன்னாலே மக்களுக்குப் புரியும்.

ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணில் வசூலிப்பது அடுத்த பெரிய தவறு. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சந்தேகம் வரும். வருமான வரிக் கழிவுக்கான ரசீதும் கிடைக்காது. நிறுவனத்தின் கணக்குக்கே நேராக அனுப்பச் சொல்லுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிக் கழிவு இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். நமக்கு வெளிநாட்டு உறவுகள் அதிகம். வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய சித்தப்பா அனுப்புவதோ வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே அதை வாங்க முடியும். பனியன், சாப்பாட்டுச் செலவுக்குக் கடைக்காரர்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆராய்ச்சிக்கென்று வந்த காசில் அதைக் கழிக்காதீர்கள்.

இனி நாள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து அந்தப் பக்கம் போகும்போது காற்று முதுகில் தள்ளும், புதிதாக வருபவர் பறப்பார். திரும்பும்போது எதிர்காற்றில் பாதி வழியிலேயே கால் ஓய்ந்துவிடும், பக்கக்காற்றோ ஆளையே சாய்க்கும். ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் நல்லது. ஐயப்ப பக்தர் கூட்டமும் கன்னியாகுமரியில் குறைந்திருக்கும். அம்மன் கோயில் மாசிக் கொடைத் திருவிழா நாட்களில் மட்டும் மண்டைக்காட்டு வழியை விட்டுவிடுங்கள்.

ஞாயிறு காலை என்று யோசிக்காமல் முடிவு செய்வார்கள். கடற்கரைச் சாலையிலும் மார்த்தாண்டம் பக்கமும் அந்த நேரத்தில்தான் சர்ச்சுக்குப் போகும் குடும்பங்கள் சாலையில் இருக்கும். சனிக்கிழமை விடியற்காலை மேல். வழியில் எத்தனை காவல் நிலைய எல்லை வருகிறதோ அத்தனை இடத்திலும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி வாசலில் தொடக்க விழா வைக்கும் ஆசை வரும், வேண்டவே வேண்டாம். ஆம்புலன்ஸ் போகும் பாதை அது.

ஹெல்மெட் இல்லாதவரைச் சேர்க்காதீர்கள். தண்ணீரும் மட்டி வாழைப்பழமும் வழியில் இருக்கட்டும். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வேன் வரட்டும்.

முடிந்த பிறகு போட்டோ போடும் அதே வாட்ஸ்அப் குழுவில் வரவு செலவையும், நிறுவனம் கொடுத்த ரசீதையும் ஒரு மாதத்துக்குள் போடுங்கள். ஆய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று நிறுவனத்திடம் ஆண்டுக்கு ஒருமுறை கேட்டு, பணம் தந்தவர்களுக்குத் தெரிவிக்கும் பொறுப்பையும் இப்போதே ஒருவரிடம் ஒப்படையுங்கள்.